அடுத்த பெயர்

— அந்த பஸ்ஸும் போயிருச்சேம்மா. இதோட ரெண்டு பஸ்ஸ வுட்டுட்டீங்க.

— கூட்டமா இருந்துச்சு.

— கூட்டமா? கண்டக்டரு காலை நீட்டி உக்காந்துக்கிட்டு வரான், அவ்வளவு காலி. பெரம்பலூருதானே போவணும்?

— ஆமா. அங்க எறங்கி வேப்பந்தட்டைக்கு மாறணும். அடுத்ததுல போறேன்.

— யாரைக் காலேஜுல கொண்டாந்து வுட வந்தீங்க? தங்கச்சியா, கொழுந்தனா?

— யாரையும் இல்ல.

— நான் என் தங்கச்சிய வுட வந்தேன். வேம்புன்னு பேரு. இன்னைக்குத்தான் மொத நாளு, பி.ஏ. ஹிஸ்டரி. கேட்டுக்குள்ள போனவ திரும்பிக்கூட பாக்கல. எனக்குத்தான் இந்தப் புளியமரத்தடிய வுட்டுக் காலு நவுர மாட்டேங்குது. கீழப்பழுவூரும்மா நானு, தங்கசாமின்னு பேரு. சிமெண்ட் ஆலையில பிட்டரு. இன்னைக்கு லீவு போட்டுட்டு வந்தேன்.

— ஹிஸ்டரியா?

— ஆமாங்க. ஏன், நல்ல படிப்பு இல்லையா?

— படிப்பு நல்ல படிப்புதான். வாத்தியாருதான் சரியில்ல.

— அடக் கடவுளே! யாரு சொன்னா?

— நான்தான் அந்த வாத்தியாரு.

— நீங்களா? அட, மொதல்லயே சொல்லக் கூடாதா டீச்சரம்மா? மரியாதை இல்லாம பக்கத்துல உக்காந்துக்கிட்டுப் பேசிட்டு இருக்கேன்.

— நீங்க உக்காருங்கண்ணே. நான் இன்னும் வாத்தியாரு ஆகல. ஆபீசுக்குப் போயி கையெழுத்துப் போட்டாத்தான். ஆர்டரு பையில இருக்கு. காலுதான் அந்தக் கேட்டைத் தாண்ட மாட்டேங்குது.

— ஏம்மா, எம்.ஏ. படிச்சவுங்க. சின்னப் புள்ளைங்களுக்கா பயப்படுறீங்க?

— எம்.ஏ. படிச்சேன். காலேஜுல படிக்கல. எல்லாம் தபால்ல வந்துச்சு. பி.யூ.சி. தனியா எழுதினேன். பி.ஏ. தபாலு, எம்.ஏ. தபாலு. வூட்டுல அடுப்புகிட்ட உக்காந்து அக்பரையும் அசோகரையும் முடிச்சேன்.

— அப்ப காலேஜு கிளாஸ்ல உக்காந்ததே இல்லையா?

— ஒரே ஒரு தடவ உக்காந்திருக்கேன். இதே காலேஜு. முழுசா ஒரு பீரியடு கூட இல்ல.

— இதே காலேஜா? எப்ப?

— எழுபத்திநாலுல. பி.யூ.சி. சேந்தேன். இப்ப ஒங்க தங்கச்சி போனா பாருங்க, அப்படித்தான் நானும் போனேன். ஆனா நான் திரும்பித் திரும்பிப் பாத்துக்கிட்டே போனேன். எங்கப்பா பண்ணையில வேலை செஞ்சவரு. அன்னைக்கு வேலைக்கு வரமாட்டேன்னு சொல்லிட்டு வந்து என்னைய பஸ் ஏத்தி வுட்டாரு.

— அப்பறம் என்ன ஆச்சு? வெவரமா சொல்லுங்க.

— சொன்னா நீங்களும் சிரிப்பீங்க.

— சத்தியமா சிரிக்க மாட்டேன். என் மீச மேல ஆணை.

— வாத்தியாரு வந்தாரு. ரிஜிஸ்டரப் பிரிச்சாரு. ஒவ்வொரு பேரா கூப்புட்டாரு. மொத பேருங்க எல்லாம் டவுன் பசங்களோ என்னவோ, 'பிரசன்ட் சார்', 'எஸ் சார்'னு உக்காந்த எடத்துலேருந்தே மொனகுறாங்க. எனக்கு அது காதுலயே வுழல. எம் பேரு எப்ப வரும், எம் பேரு எப்ப வரும்னு நெஞ்சு அடிச்ச சத்தந்தான் கேட்டுச்சு. எம் பேரு வந்துச்சு. நான் பள்ளிக்கூடத்துல பண்ணுவேனே, அதே மாதிரி சடக்குன்னு எந்திரிச்சேன். கையக் கட்டினேன். தொண்ட கிழியச் சொன்னேன், 'உள்ளேன் ஐயா'ன்னு.

— உள்ளேன் ஐயாவா?

— பாத்தீங்களா, சிரிப்ப அடக்குறீங்க.

— இல்லம்மா. நான் சிரிக்கல. ஒங்க பேரு என்னன்னு சொல்லவே இல்லையே?

— செங்கமலம். என்ன அப்படிப் பாக்குறீங்க?

— ஒண்ணுமில்ல. வெயிலு கண்ணுல அடிக்குது.

— புளியமரத்தடியில என்ன வெயிலு?

— நீங்க சொல்லுங்கம்மா. சிரிச்சாங்களா?

— சிரிச்சாங்களாவா? ஓடு பிரிஞ்சு வுழுந்த மாதிரி ஒரு சிரிப்பு. வாத்தியாரு 'சைலன்ஸ், சைலன்ஸ்'னு மேசையத் தட்டுறாரு. நான் நிக்கல. அப்படியே வாசப்பக்கம் ஓடியாந்துட்டேன். சோத்து டப்பாவைக் கூட எடுக்கல. இதே மரத்தடியில நின்னு, வந்த பஸ்ஸுல ஏறி, வூட்டுக்குப் போயிட்டேன். எங்கப்பா அப்பத்தான் கஞ்சி குடிச்சிட்டு இருந்தாரு. 'ஏம்மா, காலேஜுல சீக்கிரமா வுட்டுட்டாங்களா'ன்னு கேட்டாரு.

— அய்யய்ய.

— ஆமான்னு சொன்னேன். மறுநாளும் போகல. அதுக்கு மறுநாளும் போகல. அவரும் அப்பறம் கேக்கல.

— பின்ன எப்படித் திரும்பப் படிச்சீங்க?

— கலியாணம் ஆச்சு. அவரு பேரு ராசாங்கம். வாலிகண்டபுரத்துப் பள்ளிக்கூடத்துல வாத்தியாரு. கலியாணமான புதுசுல இந்தக் கதைய அவருகிட்ட சொல்லிட்டேன். மனுசன் அத வுடவே மாட்டேன்னுட்டாரு. தெனம் சாயங்காலம் சைக்கிள நிறுத்திட்டு, வாசப்படியில நின்னுக்கிட்டு, ரிஜிஸ்டர் புடிக்கிற மாதிரி கைய வச்சுக்கிட்டு, 'செங்கமலம்!'னு கூப்புடுவாரு. நான் அடுப்படிலேருந்து 'உள்ளேன் ஐயா'ன்னு சொல்லணும். சொன்னாத்தான் வூட்டுக்குள்ள வருவாரு.

— சொல்லலைன்னா?

— 'ஆப்சென்ட்'னு சொல்லிட்டு தெருவுலயே நிப்பாரு. பக்கத்து வூட்டு சின்னம்மாள் அக்கா, 'அந்தாளுக்கு ஒரு பதிலச் சொல்லேன்டி, காப்பி ஆறுது'ன்னு கத்தும். மொதல்ல கோவம் வந்துச்சு. அப்பறம் வெக்கமா இருந்துச்சு. அப்பறம் ஒரு நாளு பாத்தா, அவரு சைக்கிள் மணிச் சத்தம் கேக்குறதுக்கு முன்னாலயே அந்த வார்த்தை வாயில வந்து நிக்குது.

— நல்ல மனுசன். இன்னைக்கு அவரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?

— மஞ்சக்காமால. ரெண்டு வருசம் ஆவப்போவுது.

— ...தெரியாம கேட்டுட்டேம்மா.

— தெரியாமத்தானே கேட்டீங்க. எம்.ஏ. ரிசல்ட்டப் பாத்துட்டாரு, அது போதும். 'இனிமே நீ பேரு கூப்புடு, நான் உள்ளேன் அம்மான்னு சொல்றேன்'னாரு. ஆர்டரு வர்றதுக்குள்ள போயிட்டாரு. இப்ப யாரும் வாசல்ல நின்னு கூப்புடறதில்ல.

— அவரு இருந்தா இன்னைக்கு ஒங்களைப் புடிச்சு உள்ள தள்ளியிருப்பாரு.

— தள்ளியிருப்பாரு. அதான் சொல்றேன், தள்ள ஆளு இல்ல. நீங்களே யோசிச்சுப் பாருங்கண்ணே. நான் உள்ள போயி ரிஜிஸ்டரப் பிரிக்கணும். பேரு கூப்புடணும். ஏதோ ஒரு பட்டிக்காட்டுப் பொண்ணு எந்திரிச்சுக் கையக் கட்டும். எல்லாம் சிரிக்கும். அந்தச் சிரிப்பு காதுல வுழுந்தா நான் என்ன பண்ணுவேன்? மறுபடியும் வாசப்பக்கம் ஓடினா? புள்ள ஓடினா பரவால்ல, வாத்தியாரு ஓடினா?

— ஊரே வேடிக்க பாக்கும்.

— நல்லா தைரியம் சொல்றீங்க.

— சரி, ஒண்ணு பண்ணுவமா? அன்னைக்கு ஓடியாந்த அந்தப் பொண்ணு இப்ப கேட்டைத் தாண்டி ஓடி வருதுன்னு வச்சுக்குங்க. இந்த மரத்தடிக்குத்தானே வரும்? நீங்க இங்கதானே உக்காந்திருக்கீங்க. அதுகிட்ட என்ன சொல்லுவீங்க?

— என்னத்தச் சொல்றது. ஒண்ணும் தோணல.

— நான்தான் அந்தப் பொண்ணு. ஓடி வரேன். அக்கா, அக்கா, பெரம்பலூரு பஸ்ஸு போயிருச்சா?

— மீச வச்ச பொண்ணா?

— மீசைய கையால மறைச்சுக்கிட்டேன். சொல்லுங்கக்கா, பஸ்ஸு போயிருச்சா?

— ஏய், மொதல்ல இப்படி உக்காரு. மூச்சு வாங்குது பாரு.

— உக்காரமாட்டேன். எல்லாம் என்னப் பாத்துச் சிரிச்சுருச்சுங்க.

— சிரிச்சா சிரிச்சுட்டுப் போவுது. காசா பணமா? தண்ணி இருக்கு, குடி.

— எனக்கு இங்கிலீசு வராதுக்கா.

— வராதுதான். வர்ற வரைக்கும் வராது. ஒம் பக்கத்துல உக்காந்திருந்தாளே ஒருத்தி, அவளுக்கும் வராது. அவ வாயத் தொறக்கல, நீ தொறந்துட்ட. அவ்வளவுதான் ரெண்டு பேருக்கும் வித்தியாசம்.

— அக்கா, நல்லாத்தான் பேசுறீங்க. ஆனா நான் வூட்டுக்குப் போறேன்.

— போயி? ஒங்கப்பாகிட்ட என்னடி சொல்லுவ? சீக்கிரமா வுட்டுட்டாங்கன்னா? அவரு நம்புன மாதிரி தலைய ஆட்டுவாரு. அந்தத் தலையாட்டலைத்தான் நீ ஆயுசுக்கும் பாத்துக்கிட்டு இருக்கணும். அதுக்கு அந்தச் சிரிப்பே தேவலாம்.

— அழுவுறேன்க்கா. நீங்க சொல்லுங்க.

— இங்க பாரு. ஓடினா சிரிப்பு இங்கயே நின்னுடும்னு நெனச்சுக்காத. அதுவும் ஒங்கூடவே பஸ்ஸு ஏறும். நான் ஓடினேன். அந்தச் சிரிப்பு எப்ப நின்னுச்சுன்னு எனக்கு இன்னைக்கு வரைக்கும் தெரியாது. உள்ளயே இருந்திருந்தா, எப்படியும் ஒரு எடத்துல நின்னுருக்கும்ல? வாய் வலிச்சாவது நின்னுருக்கும். நான் அதைப் பாக்கல. பாக்காததால எனக்குள்ள அது இன்னும் நிக்காம ஓடிக்கிட்டே இருக்கு. நீயாவது போயி உக்காந்து, அது நிக்கறதைப் பாத்துட்டு வா. பெரிய படிப்பெல்லாம் அப்பறம் படிச்சுக்கலாம். இன்னைக்கு அது ஒண்ணு போதும்.

— அக்கா.

— என்னடி?

— நீங்களும் கூட வர்றீங்களா?

— ...அண்ணே, நீங்க பொல்லாத ஆளு.

— மணி அடிக்குது டீச்சரம்மா.

— கேக்குது.

— அந்தா பஸ்ஸும் வருது. பெரம்பலூரு பஸ்ஸு. எது வந்தாலும் ஒண்ணா வருது பாருங்க.

— கைய காட்டாதீங்க.

— நான் காட்டல, அவனே நிறுத்துறான். கண்டக்டரு ஒங்களத்தான் பாக்குறான். ஏறப் போறீங்களா?

— போகச் சொல்லுங்கண்ணே.

— தம்பி, ரைட்டு ரைட்டு! இங்க ஆளு யாரும் ஏறல! ...ஆமாப்பா, இவங்களும் ஏறல! இவங்க இந்தக் காலேஜு வாத்தியாரு!

— ஏன் இப்படிக் கத்துறீங்க? பஸ்ஸுல இருக்கறவங்க எல்லாம் திரும்பிப் பாக்குறாங்க.

— பாக்கட்டும். சிரிக்கிறாங்களா?

— இல்ல.

— பின்ன என்ன? பொடவைய ஒதறிக்குங்க, மண்ணு ஒட்டியிருக்கு. பைய வச்சுட்டுப் போயிடாதீங்க.

— இந்தத் தடவ எல்லாத்தையும் எடுத்துக்கிட்டேன். ஒங்க தங்கச்சிக்கு நான்தான் மொத பீரியடுன்னு சொல்லியிருக்காங்க. பேரு கூப்புட்டா என்ன சொல்லணும்னு சொல்லிக்குடுத்து அனுப்புனீங்களா?

— இல்லீங்க. என்ன தெரியுமோ அதைச் சொல்லு, ஆனா சத்தமா சொல்லுன்னு அனுப்பிட்டேன்.

— அப்ப அவ எந்திரிச்சு கையக் கட்டப் போறா.

— கட்டுவா. எங்க ஊருப் பள்ளிக்கூடத்துல அப்படித்தான் பழக்கம்.

— கட்டட்டும். நான் ஐயா இல்ல, அம்மான்னு மட்டும் திருத்திக்கிறேன். வரேண்ணே.

— டீச்சரம்மா, ஒரு நிமிசம். மத்தியானத்துக்குச் சோறு கொண்டாந்திருக்கீங்களா?

— கொண்டாந்திருக்கேன்.

— புளிசோறா?

— ஆமா. எப்படிக் கண்டுபுடிச்சீங்க, வாசம் வருதா?

— அன்னைக்கும் அதான் கொண்டாந்திருந்தீங்க. மூடிக்கு மேல ஒரு துணி வேற கட்டியிருந்துச்சு. சாயங்காலம் வரைக்கும் பெஞ்சுலயே வச்சிருந்தோம், நீங்க வருவீங்க வருவீங்கன்னு. வரல. அப்பறம் நாலு பேரா தின்னுட்டோம். டப்பாவை மட்டும் நான் கழுவி ரொம்ப நாளு வச்சிருந்தேன்.

— நான் புளிசோறுன்னு சொல்லவே இல்லையே. அண்ணே... நீங்க அங்க இருந்தீங்களா?

— மூணாவது பெஞ்சு. பி.யூ.சி.ல இங்கிலீசுல கோட்டை வுட்டுட்டுத்தான் பிட்டரு வேலைக்குப் போனேன். ஒங்க பேரச் சொன்னப்பவே எனக்குத் தூக்கிவாரிப் போட்டுருச்சு. அப்பவே சொல்லியிருப்பேன். சொல்லியிருந்தா நீங்க அதைக் கேட்டுட்டு, அது போதும்னு பஸ்ஸு ஏறியிருப்பீங்க.

— எதைக் கேட்டுட்டு?

— சிரிப்பு எப்ப நின்னுச்சுன்னு தெரியாதுன்னீங்களே. எனக்குத் தெரியும். நீங்க வாசலத் தாண்டுனதும் வாத்தியாரு அடுத்த பேரக் கூப்புட்டாரு. எஸ்ஸுல செங்கமலம் முடிஞ்சு, டீல தங்கசாமி. நானும் எந்திரிச்சேன். எந்திரிச்சு நின்னு பதிலச் சொன்னேன். சிரிச்சவன் எல்லாம் அப்படியே அடங்கிட்டான். எனக்கப்பறம் வந்த பசங்க, கடைசிப் பேரு வரைக்கும், நான் சொன்னதையேதான் சொன்னானுவ.

— என்ன சொன்னீங்க?

— உள்ளேன் ஐயா.