பேரிகை ரோட்டுக் குரல்

ராத்திரி ஒரு மணி தாண்டியிருக்கும். சூளகிரியில் இருந்து பேரிகை போகிற ரோடு. அந்த நேரத்தில் அதில் நாய்கூட நடக்காது... நான் சொல்லப்போவது அங்கே நடந்தது.

"ஏய் காவியா, செல்லை அணை. மூஞ்சில வெளிச்சம் அடிச்சா எனக்குக் கதை வராது."

கம்பெனி பஸ் டயர் வெடித்து நிற்கிறது. மாற்று பஸ் ஓசூரில் இருந்து வர வேண்டும். செகண்ட் ஷிஃப்ட் முடிந்த பிள்ளைகள் எல்லாம் முன் சீட்டில் ஒட்டிக்கொண்டு, "மணி அண்ணா, பேய்க் கதை சொல்லுண்ணா" என்று என் உயிரை வாங்குகிறீர்கள். டிரைவர் வேலையோடு இதுவும் என் தலையில். சரி, கேளுங்கள். அப்புறம் ஹாஸ்டலில் பாத்ரூம் போகத் துணை தேடினால் என்னைத் திட்டக் கூடாது.

என்னோடு வண்டி ஓட்டுகிற எல்லப்பன் இருக்கிறானே, அவனுடைய அக்கா நாராயணம்மா. புருஷன் இல்லை. ஒரே பையன், ஜெகதீஷ். ரோட்டில் இருந்து தக்காளித் தோட்டத்துக்குள் இறங்கிப் போனால் வீடு. போகிற தடத்தை ஒட்டியே ஒரு கிணறு. சுற்றுச்சுவர் கிடையாது.

ஜெகதீஷ் ஐ.டி.ஐ. முடித்து ஓசூரில் வேலை பார்த்தான். உங்களை மாதிரிதான், செகண்ட் ஷிஃப்ட். நடு ராத்திரியில் ரோட்டில் இறங்குவான். செல்லில் டார்ச் இல்லையா என்பீர்கள்... பாட்டு கேட்டே சார்ஜைத் தீர்த்திருப்பான், பொறுப்புள்ள பிள்ளை! அதனால் ரோட்டில் நின்று "அம்மோவ்..." என்று ஒரு குரல் கொடுப்பான். வாசலில் இருந்து இவள், "ஓ... வா..." என்பாள். அந்தக் குரலைப் பிடித்துக்கொண்டு அவன் நடப்பான். மறுபடி அவன், மறுபடி இவள். வீடு வந்து சேரும்வரை இதுதான்.

அப்புறம் கப்பல் வேலைக்குப் போனான். என்ஜின் ரூமில் உதவியாள். ஓட்டுக் கூரையைப் பிரித்துவிட்டு அம்மாவுக்குக் காங்கிரீட் போட்ட மெத்தை வீடு கட்ட வேண்டுமாம். எங்கேயோ இரண்டு நாட்டுக்குச் சண்டை. நடுவில் சரக்கு ஏற்றிப்போன கப்பல். பறந்து வந்த குண்டு ஒன்று சரியாக என்ஜின் ரூம் பக்கம் விழுந்தது. அந்தச் சண்டைக்கும் தக்காளி பறிக்கிறவள் மகனுக்கும் என்ன சம்பந்தம்? இருபத்தி மூன்று வயசு.

உடல் கிடைக்கவில்லை. பங்காளிகள் கூடி, வைக்கோலில் உருவம் கட்டி, அவன் சட்டையைப் போட்டு எரித்துக் காரியம் செய்தார்கள். நாராயணம்மா வெளியே எட்டிப் பார்க்கவில்லை. "வைக்கோலுக்கு நான் அழ மாட்டேன், போங்கடா" என்றுவிட்டாள்.

அன்று ராத்திரிதான்...

எல்லப்பன் துணைக்குப் படுத்திருக்கிறான். கரண்ட் இல்லை. காற்றும் இல்லை. தவளைகள் கத்திக்கொண்டிருந்தன... சட்டென்று அதுவும் நின்றது. ரோட்டுப் பக்கம் இருந்து,

"அம்மோவ்..."

நாராயணம்மா எழுந்துவிட்டாள். எல்லப்பன் பாய்ந்து அவள் வாயைப் பொத்தினான். உங்கள் ஊர்ப் பக்கமும் சொல்வார்களே, ராத்திரியில் வெளியே இருந்து யார் கூப்பிட்டாலும் மூன்றாம் தடவைக்குத்தான் பதில் கொடுக்க வேண்டும். பேய் மூன்றாம் தடவை கூப்பிடாது. அதற்கு முன்னால் வாயைத் திறந்தால் உயிர் அதோடு போய்விடும். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தார்கள். இன்னொரு தடவை கேட்டது. அப்புறம்... இல்லை.

மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். இரண்டு தடவைதான்.

"உடுடா எல்லப்பா. எவ்ளோ தூரத்துல இருந்து வந்து நிக்கிறான் பாரு. நான் கொரல் குடுக்கலன்னா எப்பிடிடா வருவான்? கெணத்துல உழுந்துருவான்டா."

"அக்கா, அவன் செத்துட்டான்க்கா. பதில் சொன்னா நீயும் போயிருவ."

"போனா போறேன். இனி யாருக்காக உக்காந்திருக்கேன்?"

அவன் அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதானாம்.

பகலெல்லாம் வண்டி ஓட்டுகிறவன், எத்தனை நாள் முழித்திருப்பான்? ஒரு ராத்திரி அசந்துவிட்டான். கண் திறந்தால் பக்கத்தில் அக்கா இல்லை. கதவு திறந்து கிடக்கிறது. வாசலில் நின்று முழுத் தொண்டையில் கூப்பிடுகிறாள். "ஓ... வா சாமி... வா..."

"அம்மோவ்..." இப்போது தோட்டத்துக்குள் இருந்து. "வா..." மறுபடி, கிணற்றுக்கு இந்தப் பக்கம். டீசலும் கருகிய பெயிண்டும் கலந்த ஒரு வாடை. ஈரக்கால் மண்ணில் பதிகிற சத்தம்... சப்... சப்... சப்... வாசல்வரை வந்து, அவளைத் தாண்டி, எல்லப்பனைத் தாண்டி, வீட்டுக்குள் போனது. கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. நாராயணம்மாவுக்கு ஒன்றும் ஆகவில்லை. அன்றைக்குத்தான் அவள் மகனுக்காக அழுதாள்.

"அவ்ளோதானாண்ணா?"

"அவ்ளோதான்னா எல்லப்பன் ஏன் ராத்திரியில வீடு தங்காம நைட் ஷிஃப்ட் வண்டியா கேட்டு வாங்கி ஓட்டறான்? சொல்ல உடு காவியா."

மறுநாள் மறுபடியும் ரோட்டில் குரல். ஜெகதீஷ் குரல் இல்லை. தமிழ் இல்லை, கன்னடம் இல்லை, தெலுங்கு இல்லை, ஹிந்தியும் இல்லை. இதெல்லாம் எல்லப்பனுக்குத் தெரியும். ஆனால் யாரோ ஒரு பிள்ளை அம்மாவைக் கூப்பிடுகிறது... அது புரியப் பாஷை வேண்டுமா? அந்தக் கப்பலில் ஜெகதீஷோடு இன்னும் பல பேர் செத்திருந்தார்கள். எந்தெந்த தேசத்துப் பிள்ளைகளோ. ஒருத்தன் உடலும் கிடைக்கவில்லை.

நாராயணம்மா எழுந்து வாசலுக்குப் போனாள்.

"அக்கா, அது நம்ம பையன் இல்லக்கா! எவனோ!"

"அவங்கவங்க அம்மா ரொம்ப தூரத்துல இருக்காங்கடா. இங்கருந்து கூப்பிட்டா கேக்குமா?"

ராத்திரி முழுக்க ஒவ்வொரு குரலுக்கும் பதில் கொடுத்தாள். சப்... சப்... என்று ஒவ்வொன்றாக வந்து அவளைத் தாண்டி உள்ளே போனது. விடியப்போகிற நேரத்தில் அவளுக்குத் தொண்டை கட்டிவிட்டது. வாயைத் திறந்தால் காற்றுதான் வருகிறது. அப்போது ரோட்டில் இன்னும் ஒரு குரல். ரொம்பச் சின்னக் குரல், பயந்துபோன குரல். அவள் தவிக்கிறாள். எல்லப்பனைப் பார்த்து, நீ குடுடா, நீ குடுடா என்று கையைக் காட்டுகிறாள். அவன் வாசல் நிலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நிற்கிறான்.

அந்தக் குரல் இரண்டாம் தடவையும் கூப்பிட்டது.

எல்லப்பனின் முதுகுக்குப் பின்னால், இருட்டு வீட்டுக்குள் இருந்து, ஜெகதீஷ் பதில் கொடுத்தான்.

"ஓ... வா..."