நாப்பத்தியொண்ணாவது ஃபாரம்

அடிக்க மாட்டேன் சார். சிவப்புப் பேனா உங்க கையில தானே இருக்கு, வேணும்னா நீங்களே அடிங்க. வறுமைக் கணக்கெடுக்க என்னை வீடு வீடா அனுப்புனது நீங்க. நாப்பது ஃபாரத்தை நம்புறீங்க, நாப்பத்தியொண்ணு மட்டும் பொய்யாம். அப்படி எழுதி நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆறு பேரு ஒரு ரூம்ல எப்படிப் படுப்பாங்களா? ஏன், படுக்கறாங்களே. புருஷன் மூட்டை தூக்கி இடுப்பு போனவரு, அவருக்குக் கட்டில். கட்டிலுக்கு அடியில பசங்க மூணு பேரு. வாசப்படிகிட்ட மாமியார். மிச்ச இடத்துல அந்தப் பொம்பளை. கட்டில் ஒண்ணுன்னு எழுதியிருக்கேன் பாருங்க, மறைச்சேனா?

ஃபேனா? இருக்குன்னு தான் டிக் அடிச்சிருக்கேன். அது சுத்தி ரெண்டு வருஷமாச்சு. உங்க ஃபாரம் இருக்கான்னு தானே கேக்குது, சுத்துதான்னு கேக்கலையே. ஏமாத்தணும்னா அங்கேயே ஏமாத்தியிருக்க மாட்டேனா சார்?

சாப்பாட்டுக் கேள்வியா? டிரெய்னிங்ல சொன்னீங்க, வீட்டுக்குப் பத்து நிமிஷம் போதும்னு. அந்த ஒரு கேள்விக்கே அரை மணி நேரம் ஆச்சு. முதல்ல மூணு வேளைன்னு சொல்லத்தான் வாய் வந்துச்சு அவளுக்கு. மானம் சார். நான் பேனாவைத் தொடாம உக்காந்திருந்தேன். அப்புறம் தான் ஒன்றரைன்னு உண்மை வந்துச்சு. அரை எதுன்னா? பசங்க தட்டுல மிச்சம் வச்சா, அதுதான்.

சிரிக்காதீங்க. எனக்கு எரிச்சலா வருது. இதை அடிச்சா அந்த வீட்டுக்கு அட்டை கிடையாது, அரிசி கிடையாது, அந்த மனுஷனுக்கு இலவச வைத்தியமும் கிடையாது. அடுத்த கணக்கெடுப்பு அஞ்சு வருஷம் கழிச்சு. அதுவரைக்கும் இடுப்பு காத்திருக்குமா?

தெரியும் சார், அந்த வீடு நீக்கின லிஸ்ட்ல இருக்கு. தெரிஞ்சுதான் எழுதினேன். வீட்ல ஒருத்தர் அரசாங்க வேலையாம், அதனால ஏழை இல்லையாம். மூணு மாசத் தினக்கூலி சார் அது. ஃபாரம் தீர்ந்தா வேலையும் தீர்ந்துச்சு. நாலு நாள் காய்ச்சல்ல படுத்தா நாலு நாள் கூலி போச்சு. இதையா அரசாங்க வேலைன்னு சொல்றீங்க?

நேர்ல பாக்கணுமா? தாராளமா வாங்க. சாயங்காலம் ஆறு மணிக்கு மேல வாங்க, அப்பத்தான் கதவைத் தொறக்க நான் வீட்ல இருப்பேன்.

ஆமா சார். என் வீடுதான்.

வேலையை விட்டு நிறுத்திடுவீங்களா? நிறுத்துங்க. இப்பவே எழுதிக் குடுங்க. அப்ப அந்த வீட்ல அரசாங்க வேலையில யாரும் இல்ல. நாப்பத்தியொண்ணு செல்லும்.