வடக்குப் பக்கத்துப் புள்ளி

இருங்க சார், என்ன அவசரம், வடக்கு கோலை அப்புறம் அளக்கலாம். இப்படி நிழலுக்கு வாங்க. இந்த யுனிவர்சிட்டி கிரவுண்டுல பத்தொன்பது வருஷமா கோடு போடுறவன் நான். இத்தனை வருஷத்துல ஒருத்தர்கூட டேப்பைத் தூக்கிட்டு வந்து அளந்ததில்லை. ஃபைனல் இங்கதான்னதும் போட்டி நடத்துறவங்க உங்களை அனுப்பிட்டாங்க.

யாரு ஆடுறாங்களா? பொண்ணுங்க ஃபுட்பால் டீம்தான். வாசல்ல பெருசா ஃபோட்டோ மாட்டியிருக்கே, அது பசங்க டீம். கோப்பையா? நல்லாப் பாருங்க சார், சும்மா கையைத்தான் தூக்கியிருக்காங்க. அவங்க ஒரு மேட்ச் ஜெயிச்சே நாலு வருஷமாச்சு.

பொண்ணுங்களுக்கு ஒரே குறை, கோல்கீப்பர். மூணு மேட்ச்ல மூணு பெனால்டி விட்டுட்டா. மூணும் வடக்கு கோல்ல, அங்க இருக்கிற பெனால்டி புள்ளியிலேருந்து அடிச்சது. கோச் அவளைத் தூக்கி பெஞ்சுல போட்டுட்டாரு.

பசங்களா? அவங்களும் அதே புள்ளியிலேருந்து ரெண்டு அடிச்சாங்க. ரெண்டும் மரத்துக்குப் போச்சு. அவங்களை நம்பி ஒரு தப்பையும் கண்டுபிடிக்க முடியாது சார்.

சரி, இப்ப அளங்க. கோல் கோட்டுலேருந்து புள்ளி வரைக்கும் முப்பத்தாறடி இருக்கணும். முப்பத்துநாலுதானே வருது?

எப்படித் தெரியுமா? காலையிலயே வேற டேப் வாங்கி அளந்துட்டேன். அந்தப் பக்கம் புதுப் புல்லு பதிச்சப்ப, புல்லு வெட்டுற மிஷின் என் டேப்போட முனையைத் தின்னுடுச்சு. மிச்சத்தை இழுத்துப் பிடிச்சு, முப்பத்தாறுன்னு எழுதியிருந்த இடத்துல புள்ளி வெச்சேன். முதல் ரெண்டடி காணோமேன்னு தோணவே இல்லை. பத்தொன்பது வருஷ அனுபவம் பாருங்க.

புள்ளியை அழிச்சு சரியாப் போட்டிருக்கலாந்தான். அஞ்சு நிமிஷ வேலை. அழிச்சிருந்தா என் தப்பு ஒருத்தருக்கும் தெரியாது, அந்தப் பொண்ணு மேல தப்பில்லைங்கறதும் தெரியாது. அதான் நீங்களே கண்ணால பார்க்கணும்னு விட்டு வெச்சேன். கோடு போட்டவன் தப்புன்னு பளிச்சுனு எழுதிடுங்க. வேலை போனா போகட்டும். நாலு மணிக்கு டீம் லிஸ்ட் ஒட்டுவாங்க, அதுக்குள்ள உங்க ரிப்போர்ட் கோச் கைக்குப் போயிடணும்.

எனக்கென்ன இவ்வளவு அக்கறைன்னா... அந்த கோல்கீப்பர் என் பொண்ணு சார். பந்து ரொம்பக் கிட்டயிருந்து வர்ற மாதிரி இருக்குப்பான்னு முதல்ல என்கிட்டதான் வந்து சொன்னா. பிடிக்கத் தெரியாம என் கிரவுண்டைக் குறை சொல்றியான்னு கை நீட்டிட்டேன்.