எந்த ரூம் காலி

செங்கல்பட்டிலிருந்து மாமல்லபுரம் போகும் பஸ்ஸில் அரைத்தூக்கத்தில் இருந்தேன். முன் சீட்டில் ஒரு அக்காவும் தம்பியும். தம்பிக்கே தலை நரைத்திருந்தது.

"இப்பக்கூட காலைல முழிச்சதும், இன்னிக்கு எந்த ரூம்ல கீறோம்னுதான் மொதல்ல யோசிக்கிறேன்" என்றார் அக்கா. என் தூக்கம் போய்விட்டது.

"நாவலூர் பிளாட்லயுமா?"

"அங்கயுந்தான். அப்பா ரெண்டு ரூம்ல லாட்ஜ ஆரம்பிச்சு எட்டு வரைக்கும் கட்டினாரு. அதுல நமக்குன்னு ஒண்ணு வச்சாரா? எது காலியோ அதுல பாயப் போட்டோம்."

"மூணாம் நம்பர்ல படுத்தா எனக்குக் கனவெல்லாம் கடலுதான்க்கா."

"அந்த ரூம் ஜன்னல் சரியா மூடாது. அலை சத்தம் பூரா உள்ள வந்துடும்."

"சீசன்ல எட்டும் நெறஞ்சா நமக்கு மொட்டமாடி. அன்னிக்கு மட்டும் அம்மா சிரிச்சுகினே படுக்கும்."

திருக்கழுக்குன்றத்தில் பாதிப் பேர் இறங்கினார்கள். பஸ்ஸுக்குள் காற்று வர ஆரம்பித்தது.

"லாட்ஜ வாங்கினவங்களுக்கு நாளைக்கு சாவி குடுக்கணும். அம்மா இன்னா சொல்லுது?"

"ஒண்ணும் சொல்லல. நேத்து சாப்ட்டு முடிச்சதும், எந்த ரூம்டா காலின்னு கேட்டுச்சு. ஆளு வந்தே ஆறு மாசம் ஆவுது. எல்லாமே காலிதாம்மா, எங்க வேணா படுன்னேன்."

"எங்க படுத்துச்சு?"



"பாயை எடுத்துகினு மொட்டமாடிக்குப் போயிடுச்சு."