அறுபத்திரண்டாவது பூட்டு

புது ஏற்பாடு எதுவானாலும் முதல் மூன்று மாதம் எல்லோரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். சகஜம்தான். எனக்கு அதில் கோபமே வராது. நீங்கள் கேட்டதால் எழுதித் தருகிறேன்.

எங்கள் பிஸ்கட் ஆலையில் மாவு பிசையும் டிரம் ஓர் அறை அளவு இருக்கும். ஒட்டிய மாவைச் சுரண்ட ஆள் உள்ளே இறங்க வேண்டும். இறங்குகிறவர் சுவிட்சை அணைத்து, அதில் தன் சொந்தப் பூட்டை மாட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். அவர் வெளியே வந்து திறந்தால்தான் மெஷின் ஓடும். முப்பது வருஷப் பழக்கம். யாராவது சாவியைத் தொலைத்தால் அரை நாள் வேலை போச்சு. அதை மாற்றும் பொறுப்பை நிர்வாகம் என்னிடம் கொடுத்தது. பூட்டுக்குப் பதில் அட்டை. இறங்கும்போது தேய்த்தால் மெஷின் பக்கத்துத் திரை சிவப்பு, ஏறி வந்து தேய்த்தால் பச்சை. பச்சை என்றால் பொத்தானை அழுத்தலாம்.

மொத்தம் அறுபத்திரண்டு பேர். ஐந்து மாதத்தில் அறுபத்தொரு பூட்டை வாங்கிப் பெட்டியில் போட்டேன். கெஞ்சினேன், கொஞ்சினேன், இரண்டு பேரை வேறு ஷிப்டுக்குத் தூக்கியடித்தேன். மிச்சம் ஒருவர். ஃபோர்மேன். என் அக்கா புருஷன்.

எனக்கு இங்கே வேலை வாங்கிக் கொடுத்ததே அத்தான்தான். அதற்காக ஆயுசுக்கும் தலையாட்டிக்கொண்டிருக்க முடியுமா? கூட்டத்தில் எழுந்து கேட்டார்: “மாப்ள, கரண்ட் போயிட்டு வந்தா உன் திரை எல்லாத்தையும் பச்சைன்னு காட்டுதே. அப்ப உள்ள இருக்கறவன் என்ன, மாவா?” அத்தனை பேரும் சிரித்தார்கள். அந்தக் கோளாறு எனக்கு முன்பே தெரியும். பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று அறிக்கையில் எழுதாமல் விட்டிருந்தேன். ஆனால் அந்தச் சிரிப்பு இருக்கிறதே, அது இன்னும் என் காதை விட்டுப் போகவில்லை. மறுவாரமே நாலு பேர் பூட்டைத் திருப்பிக் கேட்டு வந்து நின்றார்கள்.

தலைமை அலுவலகத்திலிருந்து பார்வையிட வருவதற்கு முந்தின ஞாயிறு அக்கா வீட்டுக்குப் போனேன். “இவர் ஒருத்தர் பண்ற அடத்துல என் பொழப்பே போயிடும்க்கா” என்றேன். அக்கா அழுதாள். அத்தான் அவளைப் பார்த்துவிட்டு, “உங்க அக்கா மூஞ்சிக்காக ஒரே ஒரு நாள். நீ டிரம் பக்கத்துலயே நிக்கணும், மாப்ள” என்றார்.

நின்றேன். சொன்ன சொல் தவறவில்லை. பூட்டையும் சாவியையும் என் கையில் கொடுத்துவிட்டு, அட்டையைத் தேய்த்து உள்ளே இறங்கினார். திரை சிவப்பானது. பதினொன்றே காலுக்குக் கரண்ட் போனது. அதை நான் நிறுத்தவில்லை, அதையும் என் தலையில் கட்டாதீர்கள். ஒரு நிமிஷத்தில் வந்துவிட்டது. அதே நேரம் தலைமை அலுவலகத்து ஆட்கள் மூவரும் கூடத்துக்குள் நுழைந்தார்கள். திரை பச்சை.

மெஷின் ஓட்டுகிறவர் பொத்தானைத் தொடாமல் என்னைப் பார்த்தார். “சார், அண்ணன் வெளிய வந்துட்டாரா?”

ஐந்து மாதமாக நான் சொல்லிக்கொடுத்தது என்ன? எட்டிப் பார்க்காதே, குரல் கொடுக்காதே, திரையைப் பார்.

“திரை என்ன சொல்லுது?”

“பச்சை, சார்.”

“அப்புறம் என்ன யோசனை?” என்றேன்.

டிரம்முக்குள் சுரண்டும் சத்தம் மெஷின் ஓட்டுகிறவர் நின்ற இடத்துக்குக் கேட்காது. நான் நின்ற இடத்துக்குக் கேட்டது.

மெஷின் ஓட்டியவரை விட்டுவிடுங்கள், அவர் விதிப்படிதான் பொத்தானை அழுத்தினார். நான் மட்டும் வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அத்தான் சொன்னதுதான் சரி என்று அந்த மூவர் முன்னாலேயே ஆகியிருக்கும். ஐந்து மாத உழைப்பு மண்ணாகியிருக்கும். மறுபடியும் எல்லோரும் சிரித்திருப்பார்கள்.

பூட்டு இதோ, இன்ஸ்பெக்டர் சார், உங்கள் மேசை மேல் வைக்கிறேன். சாவி அதிலேயே இருக்கிறது. அக்கா என்னைப் பார்க்க மாட்டேன் என்கிறாளாம். அவளிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். அத்தான் கடைசிவரை முரண்டு பிடித்தார் என்று இனி யாரும் பேச முடியாது. அவரும் மாறிவிட்டார். அறுபத்திரண்டுக்கு அறுபத்திரண்டு.