சுத்தமாக ஊதிய ஒன்பது வருடங்கள்

போதுமான காலம் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன். நேற்று நம் பணிமனை உணவகத்தில் நடந்த இரங்கல் கூட்டத்திலும் மைக் என் கைக்கு வந்தது. "ஆழ்ந்த வருத்தம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். சொல்லாமல் விட்டதை இங்கே எழுதுகிறேன்.

மேடையில் இருந்த மேலாளர் அவர்களே, சங்கத் தலைவர் அவர்களே, முன்வரிசையில் தலை குனிந்திருந்த, மறைந்த அண்ணனின் மனைவியே, சீருடையோடு வந்து பின்னால் நின்ற ஓட்டுநர் தோழர்களே!

நம் 'ரிவர்ஸ்' அண்ணன் போய்விட்டார். இருபத்திரண்டு வருடம் பேருந்து ஓட்டியவர். பணிமனையில் வண்டி நிறுத்தும் ஒன்பதாம் இடத்தில் இரண்டு பக்கமும் ஒரு சாண்தான் மிஞ்சும். நீள வண்டியை ஒரே வீச்சில் பின்னால் ஏற்றி நிறுத்துவார். அந்த வித்தையை உங்களில் எத்தனை பேருக்குக் கற்றுக்கொடுத்தார்!

ஒருநாள் ஒரு பெண்மணி ஏறினார். ஓட்டுநர் இருக்கையில் எங்கள் நிறத்தைப் பார்த்தார். "இவன் ஓட்டுற வண்டியில நான் வரல" என்று திரும்பினார். அண்ணன் கதவைத் திறந்துவிட்டு, "பார்த்து இறங்குங்கம்மா, கீழ தண்ணி தேங்கிக் கெடக்கு" என்றார். அந்த வண்டியில் நானும் இருந்தேன். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

மேலாளர் அவர்களே, "குடி ஒரு நல்ல ஓட்டுநரைக் கொண்டுபோய்விட்டது" என்றீர்கள். பொய்யில்லை. கல்லீரல் கெட்டுத்தான் செத்தார். பாட்டிலைத் தூக்கியது அவர் கைதான். ஆனால் அந்தக் கைக்குப் பாட்டில் எப்போது வந்தது?

காலையில் வண்டி எடுக்கும் முன் ஐந்து ஓட்டுநர்கள், குடித்திருக்கிறார்களா என்று காட்டும் வாசல் கருவியில் ஊதிக்காட்ட வேண்டும். நாற்பது பேரில் குலுக்கல் போட்டு ஐவரை எடுக்க வேண்டும் என்பது விதி. விதி வந்த அன்று மேலாளர் என்னிடம் சொன்னார்: "குலுக்கல் எல்லாம் எதுக்குய்யா? சண்டை போடாதவங்களா அஞ்சு பேரை எழுது."

சண்டை போடாதவர்கள் யார்? எங்கள் நிறத்து ஓட்டுநர்கள் மொத்தம் ஆறு பேர்; தினமும் ஒருவருக்கு விடுப்பு, மிச்சம் ஐந்து. எழுதினேன். நேரக் காப்பாளன் நான். எனக்கும் அதே நிறம்தான். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை.

அண்ணன் ஊதினார். ஒன்பது வருடம் ஊதினார். ஒரு சொட்டு தொடாத மனிதர் தினமும் ஊதினார். பூஜ்யம் வந்தபோதும், "இன்னொரு தடவை ஊது, உங்க ஆளுங்களை நம்ப முடியாது" என்றார் பரிசோதகர். அண்ணன் மறுபடி ஊதினார். பக்கத்திலேயே முந்தின நாள் குடித்த நாற்றத்தோடு மேலாளரின் நிறத்து ஓட்டுநர்கள் சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். "என்ன மாப்பிள்ளை, நாதஸ்வரம் முடிஞ்சுதா?" என்று அவரைத் தோளில் தட்டிவிட்டுப் போனார்கள்.

ஒருநாள் என்னிடம் கேட்டார்: "ஏன்டா, நாப்பது பேர்ல தெனமும் என் பேரே விழுதே, ஒரு லாட்டரி வாங்கிப் பாக்கலாமா?" சிரித்தேன். அவரும் சிரித்தார்.

சங்கத் தலைவரிடமும் போனார். தலைவர் அவர்களே, நீங்கள் சொன்னது எனக்கு மறக்கவில்லை. "பூஜ்யம்தானே வருது? அப்புறம் என்ன கஷ்டம்?"

பத்தாம் வருடம், வேலை முடிந்த ஒரு மாலை, உடை மாற்றும் அறையில் அவர் கையில் சின்ன பாட்டிலைப் பார்த்தேன். "குடிக்காமலே குடிகாரன்னு பேர் வாங்கியாச்சு. குடிச்சாவது பாப்போமேன்னுதான்" என்றார். அதன் பிறகு ஒரு காலை கருவியில் பூஜ்யத்துக்குப் பதில் ஒரு எண் வந்தது. "நான் அப்பவே சொன்னேன்ல" என்றார் மேலாளர். அண்ணனை வண்டி கழுவ அனுப்பினார்கள். இரண்டு வருடம் கழுவினார். அந்த ஒரு எண்ணை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறீர்கள்.

நேற்று கூட்டம் தொடங்கும் முன் அவர் மனைவி ஒரு பிஸ்கட் டப்பாவைக் கொடுத்தார். கருவி துப்பும் சின்னச் சீட்டுகளை அண்ணன் தினமும் சேர்த்து வைத்திருந்தாராம். "அண்ணே, ஒம்பது வருஷம் சுத்தமா ஊதினாருன்னு மேடையில ஒரு வார்த்தை சொல்லிடுங்க. புள்ளைங்க கேக்கணும்." திறந்து பார்த்தேன். இரண்டாயிரத்துக்கு மேல் இருக்கும். மை மங்கி எல்லாம் வெறும் காகிதம். மிச்சம் இருக்கும் சாட்சி நான்தான். நான் உட்கார்ந்துவிட்டேன்.

தங்கச்சி, இப்போது சொல்கிறேன். ஒன்பது வருடம் அவர் சுத்தமாக ஊதினார். குலுக்கல் ஒருநாளும் நடக்கவில்லை.

அண்ணன் விட்டுப்போன வேலை என்று ஒன்றுதான் எனக்குத் தெரிகிறது. நாளைக் காலை நாற்பது பெயரையும் அந்த டப்பாவில் போட்டுக் குலுக்குவேன். யார் பெயர் வந்தாலும் எழுதுவேன். என்னை மாற்றும்வரை தினமும் செய்வேன்.

இந்தத் தாளைக் கருவிக்கு மேலே அறிவிப்புப் பலகையில் குத்தப் போகிறேன். யார் எழுதியது என்று படிக்கும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் கீழே கையெழுத்துப் போடவில்லை. ஒன்பது வருடம் அந்தப் பட்டியலின் கீழே போட்ட கையெழுத்து அது. அண்ணனுக்காக எழுதியதன் கீழே அது வேண்டாம்.