பாதி டேங்க் டீசலும் மேட்டில் நின்ற லாரியும்

என் எழுத்து கோணல்மாணலாக இருப்பதற்கு முதலில் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். எழுதக் கற்று ஏழு மாதம்தான் ஆகிறது. ஒரு பக்கத்துக்கு அரை நாள் பிடிக்கிறது. தானே எழுதித் தருவதாகக் காவல் நிலைய எழுத்தர் இரண்டு முறை சொன்னார். காரியத்தைக் கெடுத்தது என் வாய், திருத்துவது என் கையாக இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன்.

பெயரும் முகவரியும் மேலே கட்டத்துக்குள் இருக்கின்றன. தெருவின் பெயர் மட்டும் இடம் போதாமல் கோட்டைத் தாண்டிவிட்டது. வயது எழுபத்தொன்று. லாரிப் பட்டறையில் டீசல் பம்ப், நாசில் வேலை செய்கிறேன். நாற்பத்தெட்டு வருடமாக எல்லோரும் என்னைப் பம்ப் மேஸ்திரி என்றுதான் கூப்பிடுகிறார்கள்.

சம்பந்தப்பட்ட லாரி மாவு மில் முதலாளிக்குச் சொந்தமானது. இருபத்தாறு வருடம் ஓடிய வண்டி. அதை ஓட்டுபவரை நெட்டை டிரைவர் என்பார்கள். சென்ற மாதம் அந்த லாரி, மில்லுக்கு ஏறும் மேட்டில் இரண்டு முறை எஞ்சின் அணைந்து நின்றது. இரண்டு முறையும் என்னிடம்தான் வந்தது. முதல் முறை, எஞ்சினுக்குள் டீசலைப் பீய்ச்சும் ஆறு நாசில்களையும் கழற்றிச் சுத்தம் செய்து, ஃபில்டரை மாற்றினேன். இரண்டாம் முறை பம்பையே பிரித்துப் பார்த்துப் பூட்டினேன். இரண்டு முறையும் நானே அதே மேட்டில் ஓட்டிப் பார்த்தேன். சிணுங்காமல் ஏறியது.

அதன் பிறகு, இம்மாதம் ஆறாம் தேதி காலை, மூட்டை ஏற்றி வந்த லாரி மறுபடியும் அதே இடத்தில் நின்று, பின்னால் உருண்டு, மில்லின் சுற்றுச்சுவரை இடித்துத் தள்ளியது. யாருக்கும் அடியில்லை. முந்திய நாள் விடுப்புக் கேட்டதில் டிரைவருக்கும் முதலாளிக்கும் வாய்ச்சண்டை நடந்திருந்தது. அந்தக் கோபத்தில் டிரைவர் வேண்டுமென்றே டீசல் குழாயில் கை வைத்து வண்டியை நிறுத்தினார் என்று முதலாளி புகார் கொடுத்தார். அன்று மாலை நிலையத்தில் என்னை விசாரித்தார்கள். "வண்டியில ஒரு குறையும் இல்ல. நானே பார்த்து அனுப்பின வண்டி" என்று வாய்ச்சொல்லாகச் சொன்னேன். அந்தச் சொல்லை வைத்தே டிரைவரைக் காவலில் வைத்தார்கள். சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது. அதையும் மறைக்காமல் எழுதுகிறேன்.

ஒன்பதாம் தேதி முற்பகல் டிரைவரின் மனைவி பட்டறைக்கு வந்தார். தையல் வேலை செய்பவர். கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்றக்கூட மறந்து வந்திருந்தார். உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"உங்க ஒரு வார்த்தையாலதான் அவர் உள்ள இருக்கார், பெரியப்பா."

"நான் பார்த்ததைத்தாம்மா சொன்னேன். மேட்டுல நல்லா ஏறுச்சு."

"உங்ககிட்ட எந்த வண்டிதான் ஏறாது? வயிறு முட்ட டீசல் ஊத்திட்டுத்தானே ஓட்டிப் பார்ப்பீங்க. அந்த முதலாளி இவரைப் பாதி டேங்குக்கு மேல என்னிக்காவது ஊத்த விட்டிருக்காரா? நிறைய இருந்தா யாராவது உறிஞ்சிடுவாங்கன்னு அவருக்குப் பயம்."

கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம் உண்டு. டீசல் வேலை பார்த்த வண்டியை ஓட்டிப் பார்க்கும் முன் டேங்கை நிரப்பிவிடுவோம். டீசல் குறைந்து குழாயில் காற்று ஏறி, எங்கள் வேலையின் மேல் பழி விழக் கூடாது என்பதற்காக. ஆகவே நெட்டை டிரைவர் ஓட்டிய லாரியை நான் ஒரு நாளும் ஓட்டிப் பார்க்கவேயில்லை. நான் ஓட்டியது முழு டேங்க் லாரி. அவர் ஓட்டியது பாதி டேங்க் லாரி.

"கிளம்பும்மா, ஸ்டேஷனுக்குப் போவோம்" என்றேன்.

"எதுக்கு?"

"நான் சொன்னதைத் திருப்பி வாங்கிக்க."

நிலையத்தில் ஆய்வாளர் சொன்னது: "அன்னிக்குக் குறையே இல்லன்னீங்க. இன்னிக்கு இருக்குங்கறீங்க. நாளைக்கு என்ன சொல்வீங்க, மேஸ்திரி?"

"நாளைக்கு நான் பேச மாட்டேன், ஐயா. வண்டி பேசும். பாதி டேங்கோட ஒரு தடவை ஏத்திக் காட்டுறேன்."

முதலாளியும் அங்கே இருந்தார். "இந்த வயசுல இப்பத்தான் அ, ஆ எழுதிப் பழகுறாரு. இவர் பேச்சைப் போய்க் கேக்கறீங்களே" என்றார்.

"எழுதிப் பழகுறதாலதான் தப்பை அழிச்சு எழுதக் கூச்சமில்ல" என்றேன். ஆய்வாளர் சிரிக்கவில்லை. ஆனால் மறுநாள் காலை ஒன்பது மணிக்கு வரச் சொன்னார்.

பத்தாம் தேதி, ஆய்வாளர், முதலாளி இருவர் முன்னிலையிலும் டேங்கில் பாதி அளவு டீசல் வைத்து, அன்றைக்கு இருந்த அதே எண்ணிக்கை மூட்டைகளை ஏற்றினோம். டேங்கிலிருந்து பம்புக்கு வரும் குழாயின் நடுவே, உள்ளே ஓடுவது கண்ணுக்குத் தெரிகிற பிளாஸ்டிக் குழாய் ஒன்றை மாட்டி, அதைக் கேபின் ஜன்னல் வரை வளைத்துக் கட்டினேன். ஆய்வாளர் அதன் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் ஓட்டினேன். இரண்டு காவலர்கள் மரக்கட்டைகளோடு பின் சக்கரத்தை ஒட்டி நடந்து வந்தார்கள். சமதரையில் டீசல் தேன் போலத் தெளிவாக ஓடியது. மேட்டில் பாதி ஏறியதும் கடுகு அளவில் ஒரு குமிழி வந்தது. அதன் பிறகு பத்து, அதன் பிறகு எண்ண முடியவில்லை. எஞ்சின் இரண்டு தரம் இருமி நின்றது. கட்டை வைத்தார்கள். இடப்பக்கம் இடிந்த சுவர்.

"இது பம்புல இருக்கற கோளாறா இருந்தா?" என்று ஆய்வாளர் கேட்டார். நல்ல கேள்வி. அதற்கும் ஆயத்தமாகவே வந்திருந்தேன். ஒரு கேனில் டீசல் ஊற்றிக் கேபின் மேல் கட்டி, டேங்கை விலக்கிவிட்டு, கேனிலிருந்து நேராகப் பம்புக்குக் குழாய் விட்டேன். குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றி ஸ்டார்ட் செய்தேன். அதே லாரி, அதே மூட்டை, அதே மேடு. உச்சி வரை ஏறியது. ஆகவே பம்பிலோ நாசிலிலோ குற்றம் இல்லை, டேங்கின் பக்கம்தான் என்று ஆனது.

அதன் பிறகு டேங்குக்குள் டீசலை உறிஞ்சும் குழாயைக் கழற்றினேன். அதன் அடிவாயை விரலால் அடைத்து, ஒரு வாளித் தண்ணீரில் அமுக்கி, மேல்வாயில் ஊத வேண்டும். நான் ஊதினால் முதலாளி ஒப்புக்கொள்ள மாட்டார் என்று ஆய்வாளரே வாங்கி ஊதினார். குழாயின் நடுப்பகுதியிலிருந்து குமிழிகள் வரிசையாக வந்தன. தலைமுடி அகலத்தில் ஒரு வெடிப்பு. டேங்க் நிறைந்திருந்தால் வெடிப்பு டீசலுக்குள் மூழ்கி இருக்கும், தொந்தரவு இல்லை. பாதி டேங்கோடு மேடு ஏறினால் டீசல் பின்பக்கம் சாய்ந்து, வெடிப்பு டீசலுக்கு மேலே வந்துவிடும், காற்றை உறிஞ்சும். எந்த மனிதக் கையும் வெளியிலிருந்து அந்த இடத்தைத் தொட முடியாது. ஆய்வாளர் மூன்று முறை வாய் கொப்பளித்துவிட்டு, டிரைவரை அழைத்துவரச் சொல்லி ஆள் அனுப்பினார். முதலாளி வாளியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பதினொன்றரை மணிக்குப் புதுக் குழாயை மாட்டி முடித்தேன். நெட்டை டிரைவர் ஜீப்பிலிருந்து இறங்கி என் எதிரே வந்து நின்றார்.

"போலீஸ் நம்பாதது அவங்க வேலை, மேஸ்திரி. நீங்க நம்பலையேன்னுதான் வருத்தம்" என்றார்.

"தப்பு என்னுதுப்பா. ஏறு, ஏத்திக் காட்டு."

"டீசல் எவ்வளவு இருக்கு?"

"பாதிதான்."

காலையிலிருந்தே மேட்டோரம் நின்றிருந்த அவர் மனைவியும் கேபினில் ஏறி உட்கார்ந்தார். லாரி மேட்டின் நடுவைத் தாண்டியது, இடிந்த சுவரைத் தாண்டியது, உச்சிக்குப் போய் ஹாரனை விடாமல் அடித்தது. மில்லில் வேலை செய்தவர்கள் மாவு படிந்த தலையோடு வெளியே ஓடி வந்தார்கள். நான் கை தட்டினேன். கட்டை தூக்கிய காவலர்களும் தட்டினார்கள். இதெல்லாம் வாக்குமூலத்துக்குத் தேவையில்லை என்கிறார் எழுத்தர். நடந்தது, எழுதுகிறேன்.

டிரைவர் அன்று மதியமே வீட்டுக்குப் போனார். எங்கள் பட்டறையில் இனி ஒவ்வொரு வண்டியையும் அதன் டிரைவர் வழக்கமாக ஊற்றும் அளவு டீசலோடுதான் ஓட்டிப் பார்ப்போம்.

ஆறாம் தேதி நான் சொன்னது தவறு. இங்கே எழுதியிருப்பது நான் கண்டதும் என் கையால் செய்ததும் மட்டுமே. யாரும் சொல்லித்தந்து எழுதவில்லை. எழுதி முடித்து இரண்டு முறை நானே வாய்விட்டுப் படித்துப் பார்த்தேன், சரியாக இருக்கிறது. புகாரை முடித்துவைக்க, லாரி ஒரு வாரம் பாதி டேங்கோடு அந்த மேட்டில் ஓடிய விவரமும் வேண்டும் என்று ஆய்வாளர் கேட்டிருக்கிறார். அடுத்த வாரம் அதையும் நானே எழுதிக் கொண்டுவருகிறேன். அரை நாள் ஆகாது. ஒரே வார்த்தைதான்: நிற்கவில்லை.

(கையெழுத்து)
பம்ப் மேஸ்திரி